ஒரு சிலை, ஒரு டோக்கன்: சிற்பி விற்பது எதை?

கல்லிலும் வெண்கலத்திலும் வேலை செய்யும் சிற்பி ஒருவர் தம் படைப்புகளை மின்னிலக்கச் சேகரிப்புப் பொருள்களாக, அதாவது ‘என்எஃப்டி’ டோக்கன்களாக, வெளியிடுகிறார் என்று செய்தி வந்தால், படிப்பவருக்கு முதலில் எழும் கேள்வி எளிமையானது. காசு கொடுத்தவர் கைக்கு என்ன வரும்? சிலையா, படமா, வெறும் சான்றிதழா? இப்படிப்பட்ட அறிவிப்புகள் கலையின் எதிர்காலம் பற்றி நிறையப் பேசும். இந்தக் கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லாது.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்த விவகாரம் முற்றிலும் புதிதல்ல. 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற அமெரிக்கக் கலைஞரின் மின்னிலக்கப் படம் 69.3 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. ‘மெட்டாகோவன்’ என்ற புனைபெயரில் அதை வாங்கியவர் விக்னேஷ் சுந்தரேசன். தமிழ்நாட்டில் பிறந்து சிங்கப்பூரில் வசித்துவந்தவர். அவ்வளவு கொடுத்தும் படத்தின் பதிப்புரிமை அவருக்குப் போகவில்லை.

அந்தப் படமாவது கணினியிலேயே பிறந்தது. சிலைக்கு எடை உண்டு, நிழல் உண்டு, வைக்க இடம் வேண்டும். அதை டோக்கனாக்கும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது.

ஒரே பெயரில் நான்கு பொருள்கள்

‘என்எஃப்டி’ என்பது ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாத டோக்கன். பத்து வெள்ளி நோட்டுக்கு வேறொரு பத்து வெள்ளி நோட்டு ஈடாகும். இந்த டோக்கனுக்கு இன்னொரு டோக்கன் ஈடாகாது, ஒவ்வொன்றுக்கும் தனி எண். அந்த எண் இப்போது யார் கணக்கில் இருக்கிறது என்பதைப் பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் ஒரு பொதுப் பேரேடு சொல்லும். அந்தப் பேரேடுதான் பிளாக்செயின்.

ஒரு சிற்பி "என் சிலையை என்எஃப்டி ஆக்கிவிட்டேன்" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன.

1. சிலை. பட்டறையிலோ வாங்கியவர் வீட்டிலோ நிற்கும் பொருள்.
2. பதிப்புரிமை. அந்த உருவத்தைப் பிரதி எடுக்கவும் வெளியிடவும் உள்ள சட்டப்படியான உரிமை. சிலையை விற்றாலும் இது தானாகக் கைமாறுவதில்லை.
3. கோப்பு. சிலையை ஸ்கேன் செய்து உருவாக்கிய முப்பரிமாண வடிவம் அல்லது காணொளி.
4. டோக்கன். பேரேட்டில் உள்ள பதிவு. பெரும்பாலும் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு முகவரியை மட்டுமே சுமக்கும்.

நான்கையும் நான்கு பேர் வைத்திருக்கலாம். சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. டோக்கன் வாங்கியவருக்கு மற்ற மூன்றில் எது சேரும் என்பதை டோக்கன் சொல்லாது. விற்பனை ஒப்பந்தம்தான் சொல்லும். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை என்றால், அவருக்குச் சேர்ந்தது பேரேட்டில் ஒரு வரி.

கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று பெயர் எழுதியிருப்பார்கள். வெளிச்சம் எல்லாருக்கும், பெயர் ஒருவருக்கு. டோக்கன் கிட்டத்தட்ட அந்தப் பெயரெழுத்துதான். என்ன, இந்தப் பெயரை அழித்துவிட்டு அடுத்தவர் பெயரை எழுத விலை பேசலாம்.

சிலை கோப்பாகும்போது

இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, சிலையைச் சுற்றிப் பல கோணங்களில் நூற்றுக்கணக்கில் படமெடுத்து, அவற்றை மென்பொருள் ஒப்பிட்டு வடிவத்தைக் கணக்கிடுவது. இன்னொன்று, லேசரையோ கோடுகோடான ஒளியையோ சிலைமீது பாய்ச்சி ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் அளப்பது. 2020இல் வந்த ஐஃபோன் 12 புரோ முதல் கைப்பேசியிலேயே ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் உணரி இருப்பதால், ஓரளவுக்கு இதைக் கையிலிருக்கும் போனிலும் செய்துவிடலாம். ஆனால் விற்பனைக்குத் தகுந்த தரம் அதில் கிடைக்காது.

சிற்பிகள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் பளபளப்பு. மெருகேற்றிய வெண்கலமும் கருங்கல்லும் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிப்பதால், ஒவ்வொரு கோணத்திலும் ஒரே புள்ளி வேறு வேறாகத் தெரிகிறது. மென்பொருள் குழம்பி, மேற்பரப்பில் மேடு பள்ளங்களைத் தானாகக் கற்பித்துவிடும். மங்கலான பூச்சு தெளித்து ஸ்கேன் செய்யலாம். சிலையின் பழைய பூச்சுக்குக் கெடுதல் வராதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த மடிப்புகள், கைக்கும் உடலுக்கும் இடையிலான குறுகிய சந்து போன்றவை ஸ்கேனரின் பார்வைக்கே படாமல் போகும். அவற்றை ஒருவர் கணினியில் உட்கார்ந்து கையால் நிரப்புவார். யார் நிரப்பினார் என்பது பின்னால் சட்டக் கேள்வியாகவும் வரும்.

கிடைக்கும் வடிவம் லட்சக்கணக்கான சிறு முக்கோணங்களாலான வலை. இணையத்தில் சுழற்றிப் பார்க்கும் அளவுக்கு அதை இளைக்க வைத்தால், உளியின் தடம்தான் முதலில் காணாமல் போகும். தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே குமாரி நாகப்பன் செய்த பிரம்மாண்டமான சிவப்பு மிளகாய் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்றால் நாம் எவ்வளவு சின்னவர்கள் என்று புரியும். அதே உருவம் கைப்பேசித் திரையில் நிஜ மிளகாய் அளவுக்கு வந்துவிடும். அளவே கருத்தாக அமைந்த படைப்புகளுக்குக் கோப்பு நியாயம் செய்வதில்லை. இடத்தோடு பிணைந்த சிலைகளும் உண்டு: ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் அருகே ஆற்றில் குதிக்கும் வெண்கலச் சிறுவர்களை ஆறு இல்லாமல் ஸ்கேன் செய்து என்ன பயன்?

‘ஒன்றே ஒன்று’ என்பது சிற்பிக்குப் பழைய கணக்கு

எண்ணிட்ட பிரதிகளை விற்பதைக் கணினிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. ரப்பர் அச்சு எடுத்து வார்க்கும் முறையில் ஒரே உருவத்தைப் பல தடவை வார்க்கலாம். பிரான்சில் எண்ணிட்ட எட்டும் கலைஞருக்கான நான்குமாக 12 வார்ப்புகள் வரை மூலப் படைப்பாகக் கொள்வார்கள். அதற்கு மேல் வார்த்தால் அது மறுபிரதி.

சுவாமிமலையின் வெண்கலச் சிலை மரபு இதற்கு நேர் எதிர். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுகிறார்கள். உள்ளிருக்கும் சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். ஆக, மரபுப்படி செய்த ஒவ்வொரு படிமமும் இயல்பிலேயே ஈடில்லாத ஒன்று. அதை ஸ்கேன் செய்த மறுநிமிடம் நிலைமை தலைகீழாகிறது. எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கத்தக்க ஒரு கோப்பு உருவாகிவிட்டது. அரிதாக இருந்ததை முதலில் எளிதாக்கிவிட்டு, பிறகு டோக்கனால் அந்த அரிய தன்மையைத் திரும்ப ஒட்டவைக்கிறோம். இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்கு விசித்திரமாகப் படுவது இதுதான்.

கோப்பு டோக்கனாகும்போது

டோக்கனை உருவாக்குவதை ‘மின்ட்’ செய்வது என்கிறார்கள். எத்திரியம் பிளாக்செயினில் இதற்கு 2018 ஜனவரியில் முன்மொழியப்பட்ட இஆர்சி-721 என்ற பொது விதிமுறை பயன்படுகிறது. சிற்பி ‘வாலட்’ என்ற மின்னிலக்கப் பணப்பை ஒன்றை வைத்துக்கொண்டு, கோப்பையும் விவரங்களையும் ஒரு தளத்தில் ஏற்றி, ‘கேஸ்’ என்ற பரிமாற்றக் கட்டணத்தைக் கட்டினால் வேலை முடிந்தது. மின்சாரச் செலவு பற்றிய பழைய குற்றச்சாட்டு எத்திரியத்துக்கு இப்போது பெரிதாகப் பொருந்தாது. 2022 செப்டம்பரில் அது தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டதில் மின்சாரப் பயன்பாடு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது கோப்பு எங்கே இருக்கிறது என்பது. முப்பரிமாணக் கோப்பு பெரியது, பிளாக்செயினில் இடம் விலை அதிகம். அதனால் கோப்பு வெளியே இருக்கும், டோக்கனில் அதன் முகவரி இருக்கும். அந்த முகவரி ஒரு நிறுவனத்தின் சாதாரண சர்வரைக் காட்டினால், நிறுவனம் போன அன்றே படமும் போகும். 2022 நவம்பரில் கிரிப்டோ நாணயச் சந்தை நடத்திய எஃப்டிஎக்ஸ் நிறுவனம் திவாலான பிறகு இதுதான் நடந்தது. அதன் தளத்தில் இருந்த, கோச்செல்லா இசைவிழா டோக்கன்கள் உட்படப் பலவற்றில் படம் மறைந்து, இணைப்பு திவால் நடவடிக்கைப் பக்கத்துக்குப் போனது. டோக்கன் பத்திரமாகத்தான் இருந்தது. காட்டத்தான் ஒன்றும் இல்லை.

ஐபிஎஃப்எஸ் என்ற பரவலாக்கப்பட்ட சேமிப்பு இதைவிட மேல். அதில் முகவரி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முகவரி மாறிவிடும். பின்வாசல் வழியாக யாரும் படத்தை மாற்ற முடியாது. ஆனால் யாராவது ஒருவர் அந்தக் கோப்பைத் தம் கணினியில் தொடர்ந்து வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். ‘என்றென்றும்’ என்று விளம்பரம் சொல்வதற்குள் இந்த ‘யாராவது’ ஒளிந்திருக்கிறார். அவருக்குக் கட்டணம் யார் கட்டுவது என்று கேளுங்கள்.

உண்மைச் சான்று என்ற வாதம்

டோக்கனுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வரலாறு அழியாமல் இருக்கும் என்பது. பாதி சரி.

சிங்கப்பூரிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகம் 2007இல் உமா பரமேஸ்வரி வெண்கலப் படிமம் ஒன்றை நியூயார்க்கின் ‘ஆர்ட் ஆஃப் த பாஸ்ட்’ காட்சிக்கூடத்திடமிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்தக் கூடத்தை நடத்தியவர் சுபாஷ் கபூர். பின்னாளில் சிலைக் கடத்தல் வழக்கில் சிக்கியவர். படிமத்தை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அரும்பொருளகம் 2015இல் அறிவித்தது. வாங்கும்போது காகிதங்கள் எல்லாம் இருந்தன. காகிதத்தில் இருந்த கதைதான் பொய்.

அன்றைக்கு பிளாக்செயின் இருந்திருந்தால்? பொய்யை ஏற்றியவுடன் அந்தப் பொய் அழிக்க முடியாத பதிவாகியிருக்கும். பேரேடு தனக்குள் நடக்கும் கைமாற்றத்தைத்தான் காக்கும்; முதல் வரியை எழுதியவர் உண்மை சொன்னாரா என்பது அதற்குத் தெரியாது. வாழும் சிற்பி ஒருவர் தம் கையால், தம் பெயரில் அறியப்பட்ட வாலட்டிலிருந்து முதல் பதிவைச் செய்தால் நிலைமை வேறு. அப்போது அந்தச் சான்றுக்கு மதிப்பு உண்டு. ஆக, இந்தப் பயன் புதிய படைப்புகளுக்குத்தான். பழஞ்சிலைகளுக்கு அருகில்கூட வராது.

டோக்கனை விற்ற பிறகு சிலை என்ன ஆகும்?

மூன்று வழிகளைப் பார்க்கிறோம்.

1. பிரித்து விற்பது. சிலை ஒருவருக்கு, டோக்கன் இன்னொருவருக்கு. எளிது, ஆனால் எதை ‘மூலம்’ என்று அழைப்பது என்று இரண்டு பேரும் சண்டை போடலாம்.
2. சேர்த்துக் கட்டுவது. டோக்கன் யாரிடமோ அவருக்கே சிலை. சிலை ஒரு கிடங்கில் இருக்கும். சாங்கி விமான நிலையம் அருகே 2010 முதல் இயங்கும் ஃப்ரீபோர்ட் கிடங்கு விலையுயர்ந்த கலைப்பொருள்களுக்கென்றே கட்டியது. 2022இல் அதை வாங்கியவர் கிரிப்டோ தொழிலதிபர் ஜிஹான் வூ என்பது ஒரு சுவையான ஒற்றுமை. இந்த வழியில் கிடங்கு வாடகை, காப்புறுதி, சிலையைக் கோரிப் பெறும் முறை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.
3. மூலத்தை அழிப்பது. 2021 மார்ச்சில் பிரிட்டிஷ் தெருக் கலைஞர் பேங்க்சியின் அச்சுப் படைப்பு ஒன்றை எரித்துவிட்டு அதன் டோக்கனை விற்றார்கள். இன்னொரு பிரிட்டிஷ் கலைஞரான டேமியன் ஹர்ஸ்ட் இதையே ஒரு சோதனையாக்கினார். 10,000 காகித ஓவியங்களுக்கு டோக்கன் விற்று, ஓர் ஆண்டுக்குள் ஓவியமா டோக்கனா என்று வாங்கியவர்களைத் தேர்வு செய்யச் சொன்னார். 5,149 படைப்புகளுக்கு ஓவியத்தைக் கேட்டார்கள். டோக்கனாகவே தக்கவைக்கப்பட்ட மற்ற 4,851 படைப்புகளின் ஓவியங்களை 2022 அக்டோபரில் எரிக்கத் தொடங்கினார்.

டோக்கனுக்குப் பேரார்வம் இருந்த கூட்டத்திலேயே பாதிக்கு மேற்பட்ட படைப்புகளுக்குக் காகிதத்தைத்தான் கேட்டார்கள் என்பதைச் சிற்பிகள் கவனிக்க வேண்டும். மூன்றாவது வழி சிற்பத்துக்கு ஒத்துவராது என்றே சொல்வேன். கருங்கல் எரியாது, வெண்கலத்தை உருக்கினால் அது செய்தியாகுமே தவிர கலையாகாது.

சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

பதிப்புரிமைதான் முதல் வாசல். சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021, அவ்வாண்டு நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தது. கலைப்படைப்பின் பதிப்புரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அதன் பிறகு 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். பதிப்புரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையொப்பமும் வேண்டும். டோக்கன் கைமாறியதால் அது கைமாறாது. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது படைத்ததென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. கோபுரச் சுதைச் சிற்பங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வரும் ஸ்தபதிகளுக்கும் அவர்களை வரவழைக்கும் கோயில்களுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். ஒப்பந்தத்தில் மின்னிலக்க உரிமை பற்றி ஒரு வரி இப்போதே சேர்த்துவிடுவது நல்லது.

பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுக்கலாம், வரையலாம், காணொளியில் சேர்க்கலாம். இதைப் பார்த்துவிட்டு ஆர்ச்சர்ட் ரோட்டில் நிற்கும் சிலையை ஸ்கேன் செய்து முப்பரிமாண வடிவமாக விற்கலாம் என்று நினைக்கக் கூடாது. தட்டையான படத்துக்குக் கொடுத்த சலுகை முப்பரிமாணப் பிரதிக்கு நீளாது. மெர்லயனுக்கோ தனி விதியே உண்டு: அந்த உருவைப் பயன்படுத்தப் பயணத்துறைக் கழகத்தின் அனுமதி தேவை.

ஸ்கேன் செய்தவருக்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டா? உள்ளதை உள்ளபடி அளந்தால் அதில் சொந்தப் படைப்பு எது என்பதே கேள்வி. 2008இல் டொயோட்டா கார்களின் மின்னிலக்க வடிவங்கள் தொடர்பான வழக்கில், அப்படிப்பட்ட துல்லியப் பிரதிக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இங்கே அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை. அதனால்தான் ஸ்கேன் செய்து தரும் நிறுவனத்துடன், கோப்பு யாருக்கு, மூலத் தரவை யார் வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளச் சொல்கிறோம்.

டோக்கன் ஒரு சொத்தா? 2022இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், ‘போர்ட் ஏப்’ என்ற குரங்குப் பட வரிசையின் டோக்கன் ஒன்றை அடகாகப் பெற்றவர் அதை விற்கவோ மாற்றவோ கூடாது என்று தடை விதித்தது. எதிராளியின் நிஜப் பெயர்கூடத் தெரியாது, இணையப் புனைபெயர்தான் தெரியும். இடைக்காலத் தடைக்கான கட்டத்தில், அப்படிப்பட்ட டோக்கன் சொத்தாகக் கருதத் தகுந்தது என்று நீதிமன்றம் ஏற்றது. திருட்டுப் போனால் நீதிமன்றத்துக்குப் போக ஒரு வழி இருக்கிறது என்பது இதன் பொருள். திரும்பக் கிடைக்கும் என்று பொருளில்லை.

சிங்கப்பூர் நாணய ஆணையம் கலை டோக்கனுக்கு உரிமம் கேட்பதில்லை. பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் தன்மையைப் பார்ப்பதே அதன் அணுகுமுறை. ஒரு சிலையை ஆயிரம் பங்காக்கி, விற்ற லாபத்தைப் பிரித்துத் தருகிறேன் என்று சிற்பி டோக்கன் வெளியிட்டால், அது முதலீட்டுப் பொருளாகி மூலதனச் சந்தைச் சட்டத்துக்குள் போய்விடக்கூடும். வரியில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இங்கே மூலதன ஆதாய வரி கிடையாது, ஆனால் தம் படைப்பைத் தொழிலாக விற்பவரின் வருமானம் வருமானமே. கிரிப்டோ நாணயங்களுக்கு 2020 முதல் உள்ள பொருள் சேவை வரி விலக்கும், ஒன்றுக்கு ஒன்று ஈடாகாத இந்த டோக்கனுக்குப் பொருந்தாது.

மறுவிற்பனைப் பங்கு: காணாமல் போன வாக்குறுதி

2021இல் கலைஞர்களை அதிகம் ஈர்த்தது இதுதான். டோக்கன் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் ஐந்தோ பத்தோ விழுக்காடு தானாகச் சிற்பிக்கு வரும் என்றார்கள். கலைஞருக்கு மறுவிற்பனையில் பங்கு தரும் சட்டம் பிரிட்டனில் 2006 முதல் இருக்கிறது, சிங்கப்பூரில் இல்லை. எனவே அந்த வாக்குறுதிக்கு இங்கே கூடுதல் கவர்ச்சி. ஆனால் அந்தப் பங்கு டோக்கனுக்குள் பூட்டி வைக்கப்பட்டதல்ல, விற்பனைத் தளங்கள் விரும்பிக் கொடுத்தது. இஆர்சி-2981 என்ற விதிமுறை எவ்வளவு தர வேண்டும் என்று தெரிவிக்கும், வசூலிக்காது. போட்டித் தளங்கள் கட்டணத்தைக் குறைக்கத் தொடங்கியதும், பெரிய தளமான ஓப்பன்சீ 2023 ஆகஸ்ட்டில் கட்டாய வசூலைக் கைவிட்டது. இன்றைக்கு ஒரு தளம் ‘வாழ்நாள் பங்கு’ என்று சொன்னால், அந்தத் தளத்தின் வாழ்நாளா சிற்பியின் வாழ்நாளா என்று கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

என் கணிப்பில் வேலையின் வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. டோக்கனை வெளியிட்டுவிட்டுப் பிறகு ஒப்பந்தம் தேடுகிறார்கள். சரியான வரிசை இப்படி இருக்கலாம்.

1. முழுத் தரத்தில் ஸ்கேன். டோக்கன் சந்தை ஏறினாலும் விழுந்தாலும் இது வீண்போகாது. சிலை உடைந்தால் பழுதுபார்க்க, திருட்டுப் போனால் அடையாளம் காட்ட, பெரிதாக்கி வார்க்க என்று உதவிக்கொண்டே இருக்கும். விற்பனைக்குத் தருவது இளைத்த பிரதியாக இருக்கட்டும்.
2. பழைய விற்பனைகளைச் சரிபார்த்தல். ஏற்கெனவே ஒருவருக்கு விற்ற சிலை, அரசாங்கமோ நிறுவனமோ செய்யச் சொன்ன சிலை என்றால் அந்தக் காகிதத்தை முதலில் படிக்க வேண்டும். "இதுபோல் இன்னொன்று செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் கோப்பும் ‘இன்னொன்றா’ என்ற வாக்குவாதம் வரும்.
3. வாங்குபவருக்குச் சேரும் உரிமைகளை எளிய மொழியில் எழுதுதல். காட்சிக்கு வைக்கலாமா, அச்சிடலாமா, முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாக்கலாமா, எத்தனை பிரதிகள் வெளிவரும்.
4. சேமிப்பு. குறைந்தது இரண்டு இடம், அதில் ஒன்று சிற்பியின் சொந்தக் கையில்.
5. அப்புறம்தான் டோக்கன்.

ஆறாவதாக ஒன்று உண்டு, யாரும் பேச விரும்பாதது. வாலட்டின் சாவி 12 அல்லது 24 சொற்கள். சிற்பி இறந்தால் பதிப்புரிமை உயிலின்படி வாரிசுகளுக்குப் போய் 70 ஆண்டுகள் அவர்களிடம் இருக்கும். அந்தச் சொற்கள் தெரியாவிட்டால் வாலட்டில் உள்ள டோக்கன்களும், வந்து சேரும் பங்குத் தொகையும் அங்கேயே கிடக்கும். எந்த வங்கியாலும் எந்த நீதிமன்றத்தாலும் அதைத் திறக்க முடியாது. உயில் பொது ஆவணமாகக்கூடும் என்பதால் சொற்களை அதிலேயே எழுதக் கூடாது. அவை முத்திரையிட்டு எங்கே வைக்கப்பட்டுள்ளன, யார் திறக்கலாம் என்பதை மட்டும் வழக்குரைஞரிடம் சொல்லி எழுதி வைக்க வேண்டும்.